மாரியும் பத்தினியும்

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களும் சேர்ந்தது சப்பிரகமுவ மாகாணம். வானளாவி நிற்கும் சிவனொளிபாத மலையும், களனி கங்கையும் களு கங்கையும் பாயும் பள்ளத்தாக்குகளும் அதன் அணிகலன்கள். நுவரெலியாப் பகுதியிற்போலத் தேயிலை இங்கே நிலம் முழுவதையும் மூடிவிடவில்லை. மேட்டிலே தேயிலை, சரிவிலே இறப்பர், அடிவாரத்திலே சிங்கள மக்களின் வயலும் தோப்பும் எனப் பல இடங்களில் நிலம் படிப்படியாக அமைந்திருக்கிறது. ஆதலால் தோட்டத்துத் தமிழரும் கிராமத்துச் சிங்களவரும் ஒருவரையொருவர் கூப்பிடு தூரத்திலே வாழ்ந்து வருகின்றனர். லயத்தில் அடிக்கும் தப்பின் ஓசை கீழே வயலில் நிற்பவன் செவியில் விழும். கிராமத்துப் பெரகராவின் பெரை முழக்கம் லயத்துத் திண்ணைக்கு எட்டும்.

இந்தக் கூப்பிடு தூரத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு தாய்த்தெய்வம் வீற்றிருக்கிறாள். மேலே தோட்டத்தில் மாரியம்மன். கீழே கிராமத்தில் பத்தினி. மாரி தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து தொழிலாளரோடு கடல் கடந்து வந்தவள் என்பதை எவரும் அறிவர். பத்தினியும் தமிழ்நாட்டுத் தொடர்பு உடையவளே. அவள் வேறு யாருமல்லள். சிலப்பதிகாரத்துக் கண்ணகியே அவள். விந்தை என்னவெனில், இப்பகுதியில் கண்ணகியைத் தெய்வமாகக் கொண்டு விழா எடுப்போர் சிங்களம் பேசும் மக்கள். தமிழ் பேசும் தொழிலாளரின் கோயில்களிலோ கண்ணகியின் பெயர் பெரும்பாலும் கேட்பதில்லை.

முதலில் மாரி வந்த வரலாற்றைக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கை மலைகளில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் ஆள் கூட்டி வந்தனர். தொடக்கத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் நீரில்லை; நிழலில்லை; நோய்க்கு மருந்தில்லை. வாந்திபேதியும் பெரியம்மையும் அவர்களோடு நடந்து வந்தன. 1869ஆம் ஆண்டில் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் மேலும் பலரை இக்கரைக்குத் துரத்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சப்பிரகமுவச் சரிவுகளில் இறப்பர் பரவிற்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிற்று.

இவ்வாறு வந்தவர்களோடு எல்லாத் தெய்வங்களும் வந்துவிடவில்லை. ஊர்த்தெய்வம் ஊரின் எல்லையைக் காப்பது. குலதெய்வம் அந்த மண்ணுக்கே உரியது. அதனைப் பெயர்க்க வேண்டுமாயின் பிடிமண் எடுத்து வரவேண்டும். மாரிக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. நோய் செல்லும் இடமெல்லாம் அவளும் செல்வாள். மழை பெய்யும் இடமெல்லாம் அவளுக்கு இடமுண்டு. மலைச்சாரலில் ஒரு வேம்போ அரசோ கண்டால், அதனடியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினால் கோயில் ஆயிற்று. அர்ச்சகரும் ஆகமமும் பின்னர் வந்தவை. முதற் பூசாரி, காலையில் பிரட்டுக்களத்தில் மற்றவர்களோடு வரிசையில் நின்ற தொழிலாளிதான்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் அடைந்து கிடக்கும் நீண்ட கட்டடம். அங்கே ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டால் என்ன ஆகும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். வாசலில் வேப்பிலை தொங்கும். அடுப்பில் தாளிப்பு நிற்கும். புதியவர் உள்ளே வரமாட்டார். நோயுற்றவரை நோயாளி என்று சொல்வதில்லை. ஆத்தாள் வந்திருக்கிறாள் என்பார்கள். கொப்புளங்கள் முத்துக்கள் ஆகும். அவை இறங்கிய பின் வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீரைத் தலைக்கு ஊற்றி அவளை வழியனுப்புவார்கள். அச்சத்தை மரியாதையாக மாற்றிக் கொண்ட மக்களின் பண்பாடு இது. இதனை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயுற்றவரைத் தனிமைப்படுத்தும் விதி, மருத்துவமனை எட்டாத அந்த லயத்தில் அம்மனின் ஆணையாகவே நடைமுறையில் இருந்தது. மண்டபம் முகாமில் அரசினர் குத்திய தடுப்பூசியையும் தமிழ் மக்கள் அம்மைப்பால் என்றே அழைத்தனர். ஊசியின் மருந்தையும் தாயின் பாலாக்கிவிட்டது தமிழ்.

இனி, கீழே இறங்கிக் கிராமத்துக்குச் செல்வோம். அங்கே பெரியம்மை, சின்னம்மை, சின்னமுத்து ஆகியவற்றைத் தெய்யன்கே லெட என்பர். தெய்வங்களின் நோய் என்பது பொருள். அங்கும் வாசலில் வேப்பிலை. அதனைக் கொஹொம்ப என்பார்கள். அங்கும் எண்ணெயிற் பொரித்த பண்டம் விலக்கு. நோய் தணிந்ததும் ஏழு தாய்மாரை அழைத்துப் பாற்சோறு படைத்து உண்பிப்பார்கள். கிரி அம்மா, அதாவது பால் அம்மா என்று அவர்களுக்குப் பெயர். இந்த நோய்களுக்கெல்லாம் அதிபதி பத்தினி தெய்யோ. மேலே உள்ளவர் மொழியும் கீழே உள்ளவர் மொழியும் வேறு, சமயமும் வேறு. ஆயினும் பிள்ளையின் உடல் கொதிக்கும் இரவில் இரு தாய்மாரும் செய்வது ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

இவ்வொற்றுமையின் வேர் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. கண்ணகி மதுரையை எரியூட்டி மறைந்தபின் பாண்டிநாட்டில் மழை பொய்த்தது என்றும், வெப்புநோயும் குருவும் தோன்றின என்றும் அந்நூலின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரை கூறுகிறது. குரு என்பது கொப்புள நோய். அம்மை என்றே உரைப்பர். கண்ணகிக்கு விழா எடுத்த பின்னரே மழை பெய்து நோய் நீங்கிற்றாம். ஆகவே கற்புக்கரசியாகக் காப்பியத்தில் நிற்கும் கண்ணகி, அந்நாளிலேயே மழைக்கும் அம்மைக்கும் உரிய தெய்வமாகவும் ஆகிவிட்டாள். மாரி என்ற சொல்லுக்கும் மழை என்றே பொருள் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

சேரன் செங்குட்டுவன் எடுத்த பத்தினி விழாவுக்கு இலங்கை மன்னன் கயவாகு வந்திருந்தான் என்கிறது சிலப்பதிகாரம். சிங்கள நூலாகிய இராஜாவலிய, கஜபாகு மன்னன் பத்தினியின் சிலம்பைக் கொண்டு வந்தான் என்று கூறும். ஆனால் பழைய மகாவமிசமோ அவனது ஆட்சியைச் சொல்லும் இடத்தில் பத்தினியைப் பற்றி வாய் திறக்கவில்லை. பத்தினி வழிபாட்டை நெடுங்காலம் ஆராய்ந்து 1984இல் பெருநூல் ஒன்றை வெளியிட்ட மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபேசேகர, கஜபாகு கதையை நேர்ந்த வரலாறாகக் கொள்ளலாகாது என்றும், தென்னிந்தியாவிலிருந்து பிற்காலத்தில் வந்து குடியேறிய மக்களோடு இவ்வழிபாடு வந்தது என்றும் வாதிட்டார். அவர் கூற்றே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஓர் அரசன் சிலம்பைக் கொண்டு வருவது கதைக்கு அழகு. ஆனால் தெய்வங்களைச் சுமந்து வருவோர் பெரும்பாலும் பெயரற்ற மக்களே. தோட்டத்து மாரியின் வரலாறு அதற்குக் கண்கண்ட சான்று.

சப்பிரகமுவக் கிராமங்களில் பத்தினிக்கு எடுக்கும் சடங்கு கம்மடுவ எனப்படும். அறுவடை முடிந்ததும், அல்லது கொள்ளைநோய் பரவும்போது, குருத்தோலையால் பந்தரிட்டு இரவு முழுவதும் நடத்துவர். கபுராளை என்னும் பூசகரே பெண்ணுடை அணிந்து பத்தினியாக ஆடுவார். அவள் மாங்கனியிற் பிறந்ததும், பாண்டியனை அழித்ததும், மதுரையை எரித்ததும், இறந்த கணவனை உயிர்ப்பித்ததும் பாடலாக நிகழும். கோவலன் அங்கே பாலங்க ஆகிவிட்டான். பத்தினியோ புத்தநிலையை நாடி நிற்கும் தெய்வமாகப் பௌத்த நெறியில் இடம் பெற்றுவிட்டாள். இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்திலும் அவளுக்குத் தனி இடம் உண்டு.

அச்சடங்குகளுள் அங்கெலிய என்னும் கொம்பு விளையாட்டு குறிப்பிடத்தக்கது. ஊர் இரு பிரிவாகும். ஒன்று உடுபில, மற்றது யடிபில. முதலது பாலங்கனின் பக்கம், இரண்டாவது பத்தினியின் பக்கம். இரு கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டிக் கயிறு கட்டி இழுப்பார்கள், ஒன்று முறியும். வென்றவர் தோற்றவரை வாய்விட்டு ஏசலாம். அன்றைக்கு அது குற்றமன்று. இதே விளையாட்டை மட்டக்களப்புத் தமிழர் கண்ணகி அம்மன் பெயரால் கொம்பு விளையாட்டு என்று நடத்தினர். அங்கே பிரிவுகள் வடசேரி, தென்சேரி எனப்படும். கோவலனுக்கு ஒன்று, கண்ணகிக்கு ஒன்று. இரண்டு மொழி மக்கள் ஒரே கயிற்றைத் தனித்தனியே இழுத்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் தோட்டத்துத் துரைமார் எவ்வாறு பார்த்தனர்? திருவிழாவுக்கு விடுமுறை கொடுத்தார்கள். தீமிதிப்பை நாற்காலியில் அமர்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அத்துரைமாரிற் பலர் ஸ்கொத்லாந்து நாட்டினர். 1867இல் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக்கிய ஜேம்ஸ் தெய்லரும் அந்நாட்டவரே. அவர்கள் அறிந்தோ அறியாமலோ, அவர்களது நாட்டின் மேற்குத் தீவுகளிலும் ஒரு தாய்த்தெய்வத்தின் நினைவு அப்போது உயிரோடு இருந்தது. அவள் பெயர் பிரிஜித். கெல்ட்டிய மக்கள் அயர்லாந்திலும் ஸ்கொத்லாந்திலும் போற்றியவள். ஏறத்தாழ 900ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட கோர்மக்கின் சொற்கோவை, புலவர்கள் வணங்கிய தேவி என்றும், அவளுக்கு அதே பெயருடைய இரு சகோதரிகள் உண்டு, ஒருத்தி மருத்துவத்துக்கும் மற்றவள் கொல்லுத்தொழிலுக்கும் உரியவர் என்றும் கூறுகிறது. கிறித்தவம் பரவிய பின் பிரிஜித் என்ற பெயர் கில்டேர் நகரத்துக் கன்னிமடத்தை நிறுவிய புனிதவதியின் பெயராயிற்று. தேவியே புனிதவதியாக மாறினாள் என்பர் சிலர்; இருவரையும் அவ்வாறு ஒட்டவைக்க ஆதாரம் போதாது என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், அம்மடத்தில் அணையாத நெருப்பு ஒன்று காக்கப்பட்டதையும், ஆடவர் அதன் வேலியைத் தாண்டலாகாது என்பதையும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே சென்ற ஜெரால்டு என்னும் பாதிரியார் எழுதியிருக்கிறார்.

அலெக்சாண்டர் கார்மைக்கேல் என்பவர் ஸ்கொத்லாந்துத் தீவுகளின் வழக்கங்களைத் திரட்டி 1900இல் நூலாக்கினார். சனவரி முப்பத்தோராம் நாளிரவில் பெண்கள் ஓட்ஸ் என்னும் தானியக் கதிரைப் பெண்ணுருவாக அலங்கரித்து, கூடையிற் படுக்கை செய்து, வாசலைத் திறந்து பிரிஜித்தை உள்ளே அழைப்பார்கள் என்றும், காலையில் அடுப்புச் சாம்பலில் அவள் வந்த தடம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள் என்றும் அவர் எழுதினார். முளைப்பாரியும் கரகமும் கண்ட தமிழ்ப் பெண்ணுக்கு இது புதுமையாகத் தோன்றாது. துரையின் நாட்டுக் குடிசையில் நடந்ததையே தோட்டத்து லயத்திலும் பார்க்கிறோம் என்பதை நாற்காலியில் இருந்தவர்களுள் எத்தனை பேர் உணர்ந்தனரோ!

கில்டேர் நெருப்பு பதினாறாம் நூற்றாண்டுச் சமயப் புரட்சியில் அணைந்தது. 1993இல் பிரிஜித்தின் பெயரால் அமைந்த கன்னியர் சபையினர் அதனை மீண்டும் ஏற்றினர். திருச்சபைக்குப் புறம்பாகப் பண்டைத் தேவியரை நாடும் புதிய வழிபாட்டாரும் அந்நெருப்பைத் தமதாகக் கொள்கின்றனர். 2023 முதல் அவள் நாள் அயர்லாந்தில் பொது விடுமுறை. அங்கே நூலறிந்தோர் தேடிச் சென்று மீட்கும் ஒன்று, இங்கே கூலிக்காரர் கையில் அறுபடாமலே வந்தது.

அறுபடாமல் வந்தது எனினும், மாறாமல் வந்தது என்று சொல்வதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சைவ மறுமலர்ச்சி யாழ்ப்பாணத்தில் கண்ணகி கோயில்கள் பலவற்றை இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்னும் பெயர்களுக்கு மாற்றியது. தோட்டங்களிலும் கல் விக்கிரகமாயிற்று, கோபுரம் எழுந்தது, பலி நின்ற இடங்களும் உண்டு. சிங்கள நகரங்களிலே பத்தினியின் சாந்தம் போதாதெனக் காளியை நாடுவோர் பெருகினர் என்பதையும் ஒபேசேகர பதிவு செய்துள்ளார். நோய்க்கு அஞ்சிய காலத்துத் தாய் ஒருத்தி. வழக்குக்கும் பகைக்கும் துணை தேடும் காலத்துத் தாய் மற்றொருத்தி.

பகை என்பது வெறும் பேச்சாகவும் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் எழுதப்பட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக் கொண்டனர். கோயிலை விட்டு, கோயிலுக்கு மஞ்சள் பூசியவர்கள் இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினர். 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் சப்பிரகமுவத் தோட்டங்கள் வன்முறைக்கு ஆளாயின. 1981இல் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் லயங்கள் எரிந்தன. பலர் வவுனியாக் காடுகளுக்குப் பெயர்ந்தார்கள். ஒரே வேப்பிலையை இரு பெயரால் அழைத்தவர்களிடையே அந்த வேப்பிலை அன்று ஒரு காப்பாகவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கிற்று.

பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டது என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மாரிக்குரிய திருவிழா நிற்கவில்லை. தீச்சட்டியும் பால்குடமும் மாவிளக்கும் கூழும் மஞ்சள் நீராட்டும் இன்றும் தோட்டந்தோறும் நிகழ்கின்றன. தீமிதிப்பைக் காணக் கிராமத்துச் சிங்களவரும் வருகின்றனர். விழா முடிவில் கரகத்தை ஆற்றிலோ ஓடையிலோ கரைத்துவிடுவது வழக்கம். கேகாலை மாவட்டத்தின் யட்டியாந்தோட்டைப் பக்கத்து ஓடைகள் களனி கங்கையிற் சேருகின்றன. அந்த ஆறு அவிசாவளையையும் ஹங்வெல்லையையும் கடந்து, கடுவலைக்கு அருகே நவகமுவையைத் தொட்டுச் செல்லும். கஜபாகு கொணர்ந்த சிலம்பை வைத்து எழுந்ததாகச் சிங்கள மக்கள் நம்பும் பத்தினி தேவாலயம் அங்கேதான் இருக்கிறது.