புகைபோக்கி கட்டிய வீடு

இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள டெவன் பகுதியில் பழைய வீட்டுக் கூரையைப் பிரிப்பவர்களுக்குச் சில சமயம் ஓர் அபூர்வக் காட்சி கிடைக்கும். மேலே வெயிலும் மழையும் தின்ற சாம்பல் நிறத் தாள். அதற்குக் கீழே, முந்தைய தலைமுறைகள் வேய்ந்த பழுப்பு அடுக்குகள். இன்னும் அடியில் கையை விட்டால், தார் பூசியதுபோல் கன்னங்கரேலென்று ஓர் அடுக்கு. அதை உதறினால் கோதுமைக் கதிரும், ரை தானியத்தின் தாளும், அவற்றோடு வயலில் முளைத்த களைகளின் விதையும்கூட உருக்குலையாமல் உதிரும். இடைக்காலத்து வயலில் அறுத்த தாள் அது. கூரை வேய வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் மக்கிய மேற்பகுதியை மட்டும் வழித்தெடுத்துவிட்டு, புதுத் தாளை மேலேயே பரப்பி வேய்ந்தார்கள். அடி அடுக்கை யாரும் தொடவில்லை. அதைக் கறுப்பாக்கியதும், பூச்சி அரிக்காமல் காத்ததும் கீழே எரிந்த நெருப்பின் புகைதான்.

ஆங்கிலக் கிராமத்து வீடு என்றதும் நம் மனத்தில் ஒரு படம் எழும். தலை தட்டும் உயரத்தில் கறுத்த உத்தரம். ஆள் உள்ளே நுழைந்து உட்காரும் அளவுக்குக் கணப்பு. அதன் ஓரமாக வளைந்தேறும் குறுகிய படி. மேலே கூரைச் சரிவுக்குள் ஒடுங்கிய படுக்கையறை. இவற்றில் ஒன்றுகூட அந்தப் பழைய வீடுகளோடு பிறந்ததில்லை. புகைபோக்கி வந்த பிறகு, அதன் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வந்தவை.

முதலில் இருந்தது ஒரே கூடம். தரையிலிருந்து கூரை முகடு வரை தடையில்லாமல் திறந்த கூடம். நடுவில், தரையிலேயே கல் பாவிய இடத்தில் நெருப்பு. சமையல், சாப்பாடு, வேலை, தூக்கம் எல்லாம் அதைச் சுற்றியே. புகை மேலே எழுந்து, கூரைத் தாளின் இடுக்குகளிலும் கண்ணாடி இல்லாத சாளரங்களிலும் கசிந்து வெளியேறும். சாளரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்ற பொருள் கொண்டது. காற்று வரும் வழி என்பதால் 'காலதர்' என்றார்கள் நம் முன்னோர். இரண்டு மொழியும் ஒன்றையே பார்த்திருக்கின்றன.

இரவில் அந்த நெருப்பை அப்படியே விட்டுவிட்டுத் தூங்க முடியாது. மேலே காய்ந்த தாள், கீழே பறக்கும் பொறி. எனவே தணலைக் குவித்து, காற்றுத் துளை வைத்த மண்மூடியால் கவிழ்த்து வைப்பார்கள். 'நெருப்பை மூடு' என்ற பழைய பிரெஞ்சுச் சொல்தான், அதற்காக ஒலித்த இரவு மணியின் பெயராகி, இன்று 'கர்ஃப்யூ' ஆகியிருக்கிறது. நாம் ஊரடங்கு என்று சொல்வதன் ஆங்கிலப் பெயர், ஓர் அடுப்பை மூடிய கையிலிருந்து பிறந்தது.

அந்தக் கூடம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் கிழக்கு சசெக்ஸில் ஆல்ஃப்ரிஸ்டன் என்ற ஊருக்குப் போக வேண்டும். அங்குள்ள பாதிரியார் இல்லம் என்ற பழைய வீட்டில் கூடம் இன்றும் முகடு வரை திறந்தே இருக்கிறது. வெள்ளைச் சுண்ணப்பாறையை இடித்துக் கெட்டித்து, புளித்த பாலை ஊற்றி மெழுகிய தரை. இடிந்து விழவிருந்த அந்த வீட்டை 1896-இல் நேஷனல் டிரஸ்ட் பத்துப் பவுனுக்கு வாங்கியது. இன்று எத்தனையோ மாளிகைகளைக் காக்கும் அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் அதுதான்.

ஆனால் கூடம் வீடாக மாறிய கதையைச் சொல்ல, வார்விக்‌ஷயரில் ஸ்ட்ராட்ஃபோர்டை அடுத்த ஷாட்டரிதான் சரியான இடம். ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவே வளர்ந்த பண்ணை வீடு அங்கே நிற்கிறது. அதன் பழைய பகுதி 1463-இல் இப்படித்தான் எழுந்தது. இயற்கையாகவே வளைந்து வளர்ந்த ஓக் மரத்தை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிரே நிறுத்தினால், கும்பிடும் கைகளைப்போல் உச்சியில் சேரும். தரையிலிருந்து முகடு வரை கூரையின் பாரத்தை அந்த ஜோடிதான் தாங்கும். ஓக் மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே இழைப்பார்கள். காய்ந்தால் உளி இறங்காது. பொருத்துக்களில் அடித்தவை மரஆணிகளே. மரம் காயக் காய, பொருத்து இறுகும். உத்தரமும் சற்றே முறுகும். அந்த வீடுகளின் கோணல் முதுமையால் மட்டும் வந்ததில்லை. பட்டறையில் சேர்த்துப் பார்த்துப் பிரித்த சட்டங்களை வீட்டுமனையில் மாறாமல் கோக்க, தச்சர்கள் ரோமன் எண்களைக் கொத்தி வைத்தார்கள். பல வீடுகளில் அந்தக் கீறல்களை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம்.

சட்டங்களுக்கு இடையே சுவர். பிளந்த கழிகளை நட்டு, வளாரைக் குறுக்கே பின்னி, களிமண்ணும் சாணியும் நறுக்கிய வைக்கோலும் மிதித்துக் குழைத்த சேற்றை இரு பக்கமும் அப்பி, சுண்ணாம்பு அடிப்பார்கள். வரிச்சு கட்டி மண் அப்பிய சுவரைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரச்சட்டங்களுக்குக் கறுப்புச் சாயம் பூசியது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் மோகம். அதற்கு முன் பல இடங்களில் ஓக் மரம் வெயிலில் வெளுத்து வெள்ளியாகக் கிடந்தது.

16-ஆம் நூற்றாண்டில் காலம் புரண்டது. பெரும்பாலும் கோட்டைகளிலும் மடங்களிலும் இருந்த புகைபோக்கி குடியானவன் வீட்டுக்கு வந்தது. தானிய விலை ஏறிக்கொண்டே போனது. நிலத்துக்குக் கொடுத்த குத்தகை பலருக்குப் பழைய கணக்கிலேயே நின்றது. மிச்சம் பிடித்த உழவன் வீட்டைத் திருத்தினான். செங்கல்லும் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. எசெக்ஸில் ராட்விண்டர் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், தம் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் வாழ்நாளில் கண்டு வியந்த மூன்று மாற்றங்களை 1577-இல் வெளியான நூலில் எழுதி வைத்தார். படுக்கைக்கு மெத்தையும் தலையணையும் வந்தது ஒன்று. மரத்தட்டு போய் உலோகத்தட்டு வந்தது இன்னொன்று. ஆனால் அவர்கள் முதலில் சொன்னது, ஊரெங்கும் எழும்பிய புகைபோக்கிகளை. 1570 முதல் 1640 வரையிலான அந்தக் காலத்துக்கு 'மாபெரும் மறுகட்டுமானம்' என்று 1953-இல் பெயர் வைத்தார் வரலாற்றாசிரியர் டபிள்யூ.ஜி. ஹாஸ்கின்ஸ்.

ஷாட்டரியிலும் 16-ஆம் நூற்றாண்டில்தான் கணப்புகள் எழுந்தன. புகைக்குத் தனி வழி பிறந்ததும் கூடத்தின் மேற்பாதி காலியானது. குறுக்கே கனத்த உத்தரம் ஓடவிட்டு, பலகை பாவி, மச்சு போட்டார்கள். கூடத்துக்கு முதன்முறையாகத் தலைக்கு மேல் ஒரு தளம் வந்தது. உயரத்தை இரண்டாகப் பங்கிட்டதால்தான் அந்தத் தாழ்வு. மேலே போகப் படி வேண்டும். புகைபோக்கியின் பக்கத்தில் மிஞ்சும் சந்துதான் பல வீடுகளில் அதற்குக் கிடைத்த இடம். அதனால்தான் படி அப்படி வளைகிறது. குடும்பத்துக்குத் தனித்தனிப் படுக்கையறை என்ற வசதியே இந்தப் படியேறி வந்ததுதான்.

நெருப்பு நடுக்கூடத்திலிருந்து சுவரோரம் நகர்ந்ததும், அதைச் சுற்றி ஒரு குட்டி அறையே உருவானது. மேலே முழு ஓக் மரம் ஒன்று குறுக்கு உத்தரமாகக் கணப்பின் வாயைத் தாங்கும். உள்ளே இருபுறமும் குந்த இடம். குளிர்காலத்தில் கிழவர்களின் இடம் அது. சுவரில் உப்பு நமுத்துப்போகாமல் வைக்க ஒரு மாடம். மேலே புகைக்குழாயில் தொங்கிப் பதமாகும் பன்றித்தொடை. பக்கச் சுவரில் குகைபோல் ரொட்டி அடுப்பு. அதற்குள்ளேயே சுள்ளியை எரித்து, செங்கல் பழுத்ததும் சாம்பலை வழித்தெடுத்து, மாவை வைத்து வாயை அடைத்துவிடுவார்கள். வேண்டிய சூட்டை அந்தக் கல் கொடுக்கும்.

மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற ஊரில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இந்தக் கதையை நடந்தே படிக்கலாம். கென்ட் பகுதியில் நீர்த்தேக்கத்துக்கு வழிவிட்டுப் பெயர்த்துக் கொண்டுவந்த பேலீஃப் வீட்டில் கூடம் திறந்திருக்கிறது, நெருப்பு தரையில். சற்றுத் தள்ளி, 1609-இல் கட்டிய பெண்டீன் வீட்டின் நடுவே புகைபோக்கி, பிறக்கும்போதே கூடப் பிறந்தது.

ஊரெங்கும் பெருகிய கணப்புகளை அரசாங்கமும் கவனித்தது. 1662-இல் அடுப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வரி போட்டார்கள். மக்கள் வெறுத்த அந்த வரி 1689-இல் ஒழிந்தது.

புகை போகத் திறந்த வழி ராப்பகலாகத் திறந்தே கிடக்கும். கதவைத் தாழிடலாம், புகைபோக்கிக்குத் தாழ் ஏது? அவ்வழியே கெட்டது நுழையுமோ என்ற அச்சம்தான் கணப்பின் உத்தரத்தில் இன்றும் தெரிகிறது: கவராயத்தால் கீறிய பூ வட்டங்கள், தீபத்தால் சுட்ட கண்ணீர்த்துளி வடுக்கள். பழுதுபார்க்க இடிக்கும்போது புகைபோக்கியின் இடுக்கில் ஒற்றைச் செருப்பு கிடைப்பதுண்டு, தேய்ந்து போன பழஞ்செருப்பு, பல சமயம் குழந்தையுடையது. நார்தாம்ப்டன் அருங்காட்சியகம் இவற்றுக்குத் தனிப் பதிவேடே வைத்திருக்கிறது. ஏன் வைத்தார்கள் என்று வைத்தவர் யாரும் எழுதிவிட்டுப் போகவில்லை. கெட்டது வந்தால் அந்தச் செருப்போடு நிற்கட்டும், பிள்ளையிடம் வரவேண்டாம் என்று ஒரு தாய் நினைத்திருப்பாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. இன்று நாம் குடிசை என்று கொஞ்சும் இந்த வீடுகள், ஓரளவு வசதியான உழவர்களுடையவை. கூலியாட்கள் வாழ்ந்த ஒற்றை அறை மண்வீடுகளில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. உழவர் வீடுகள் மிஞ்சியதற்குக் காரணம் நல்ல ஓக் மரம்.

அந்த ஓக் சட்டங்களில் கைவைக்காமல்தான் மச்சு போட்டார்கள். கூரையையும் பிரிக்கவில்லை. எனவே டெவனில் அப்படியொரு வீட்டில், படுக்கையறைக்கும் மேலே, பரணுக்குள் விளக்கோடு ஏறினால், பழைய கூடத்தின் உச்சி தெரியும். தாளைக் கட்டிய கயிறும் கரி, கைமரமும் கரி. கீழே புகையே அறியாத பல தலைமுறைகள் பிறந்து தூங்கி எழுந்துவிட்டன. மேலே இன்னும் அந்த முதல் அடுப்பின் கறுப்பு, விரல் வைத்தால் ஒட்டுகிறது.