வெட்டச் சொன்னவர்களும் வெட்டாதே என்றவர்களும்

யேர்மனியில் நாம் வந்து குடியேறி நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்த நாற்பது ஆண்டும் நம்மில் யாரோ ஒருவருடைய தோளில் ஒரு கமரா இருந்திருக்கிறது. கலியாணம், சாமத்திய வீடு, கோயில் தேர், தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழா, ஊர்வலம், செத்தவீடு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. எடுத்ததைக் கண்டம் தாண்டியும் அனுப்பினோம். ஆனால் எடுத்தவரையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, "இந்த இடத்தில் ஏன் இவ்வளவு நேரம் நின்றாய்? அந்த முகத்தை ஏன் விட்டாய்?" என்று பேசிய மாலைகள் மிகக் குறைவு.

இதே நாட்டில், இதற்கென்றே ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகக் கூடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பளத்துக்காகப் படம் எடுக்காதவர்களின் கழகங்கள் இவை. அவர்களுடைய வரலாற்றையும் நம்முடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே கொஞ்சம் தெளிவாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

1923-இல் கொடாக் நிறுவனம் 16 மி.மீ. படச்சுருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பிரான்சில் பதே நிறுவனம் 9.5 மி.மீ. சுருளை விற்கத் தொடங்கியிருந்தது. இவற்றில் எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்று இல்லை. ஆகவே வீட்டுக்குள் வைத்தே படம் காட்டலாம். நான்கே ஆண்டுகளில், 1927-இல், யேர்மனியின் பொழுதுபோக்குப் படக்காரர்கள் தமக்கென ஒரு சம்மேளனத்தை அமைத்துக்கொண்டார்கள். இன்றுவரை 'பி.டி.எஃப்.ஏ.' என்ற எழுத்துக்களால் அறியப்படுவது அதுதான். அமைப்பின் பெயரில் முதலில் இருந்த 'அமெச்சூர்' என்ற சொல் பிற்காலத்தில் போய், அதன் இடத்தில் 'ஆசிரியர்' என்ற சொல் வந்தது. ஒரு நூலுக்கு ஆசிரியர் இருப்பதுபோலத் தன் படத்துக்கும் ஒருவர் பொறுப்பாளி என்ற உரிமை கோரல் அது.

ஏன் கழகம்? கருவிகளின் விலை ஒரு காரணம். கமராவும் புரஜெக்டரும் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் பெருஞ் செலவு. சேர்ந்து வாங்கினால் கட்டும். இன்னொரு காரணம் யேர்மனியரின் சங்கப் பழக்கம். 1900-இல் நடைமுறைக்கு வந்த குடியியல் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். நம் கோயில்களும் ஊர்ச் சங்கங்களும் விளையாட்டுக் கழகங்களும் இங்கே பதியப்பட்டிருப்பதும் அதே சட்டத்தின் கீழ்தான்.

கழக மாலையின் மையம் படம் காட்டுவதல்ல, காட்டிய பின் நடக்கும் பேச்சு. போட்டி விழாக்களில் நடுவர்கள் தனியறைக்குப் போய்ப் புள்ளி போட்டுவிட்டு வருவதில்லை. சபையின் முன்னாலேயே, எடுத்தவர் கேட்டுக்கொண்டிருக்க, படத்தைப் பற்றி உரக்கப் பேசுவார்கள். 1937-இல் பாரிசில் உருவான 'யுனிக்கா' என்ற பன்னாட்டு ஒன்றியமும் ஆண்டுக்கொரு நாட்டில் இப்படியான விழாவை நடத்திவருகிறது.

இந்தப் பேச்சின் சுவையைத் தீர்மானித்தது படச்சுருளின் நீளம். 1965-இல் வந்த சூப்பர் 8 சுருள் ஒன்றின் நீளம் 15 மீற்றர். விநாடிக்கு 18 சட்டகம் என்று ஓடினால் மூன்று நிமிடம் இருபது விநாடியில் முடிந்துவிடும். எடுத்த சுருளைக் கழுவத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். திரும்பி வருவது ஒரேயொரு மூலப்பிரதி. அதைத்தான் வெட்டி ஒட்ட வேண்டும். பிழையாக வெட்டினால் போனது போனதுதான். விநாடி ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்தவர்களுக்கு விநாடியின் மதிப்புத் தெரியும். "முக்காலியில் வை. ஓடி ஓடி எடுக்காதே. சூமை உள்ளும் வெளியும் இழுக்காதே. பாதியாக வெட்டு." கழகங்களில் இன்றும் கேட்கும் இந்த அறிவுரைகளுக்குப் பின்னால் அந்தச் சிக்கனம் இருக்கிறது.

இந்த வரலாற்றுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. 1933-க்குப் பிறகு யேர்மனியின் சங்க வாழ்க்கை முழுவதும் நாசி அரசின் பிடிக்குள் போனது. யூத உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கமராக்கள் படைவீரர்களின் பைகளில் போர்முனைக்கும் போயின. 1941 கோடையில், லத்வியாவின் லியப்பாயா கடற்கரையில் யூதர்களைக் குழியருகே நிறுத்திச் சுடுவதை ரைன்ஹார்ட் வீனர் என்ற கடற்படைக்காரர் தன் 8 மி.மீ. கமராவில் எடுத்தார். இரண்டு நிமிடம்கூட ஓடாத துண்டு. அந்தக் கொலைப் படைகளின் செயலை அசையும் படமாகக் காட்டும் மிகச் சில சான்றுகளில் அது ஒன்று. கூர்மையாக இருக்கிறதா, ஆடுகிறதா என்ற கழகக் கேள்விகள் அந்தத் துண்டின் முன் ஒன்றுமில்லாமல் போகின்றன. யார் எடுத்தது, எங்கே, எப்போது, யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்ற கேள்விகளே மிஞ்சுகின்றன.

போருக்குப் பின் மேற்கில் கழகங்கள் மீண்டும் எழுந்தன. விடுமுறைப் பயணம், மலை, பேரப்பிள்ளை என்று படங்கள் பெருகின. கிழக்கிலோ தொழிற்சாலைகளோடு இணைந்த அமெச்சூர் படக்கூடங்கள் இயங்கின. கருவியும் சுருளும் நிறுவனத்துடையவை, கண்காணிப்பும் அங்கிருந்தே வந்தது. 1954-இல் ஓபர்ஹவுசனில் தொடங்கிய குறும்பட விழாவில், 1962 பெப்ரவரி 28 அன்று 26 இளம் படைப்பாளிகள் பழைய யேர்மன் சினிமா செத்துவிட்டது என்று அறிக்கை வெளியிட்டார்கள். சினிமா வரலாற்று நூல்கள் இந்த 26 பேரை மறப்பதில்லை. அதே ரூர்ப் பிரதேசத்தில், நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து வந்து மதுச்சாலைப் பின்னறையில் புரஜெக்டரை ஓட்டியவர்களைப் பற்றி அவை அதிகம் சொல்வதில்லை.

நாம் வந்தது இந்தக் கதையின் இன்னொரு திருப்பத்தில். எண்பதுகளின் முதற்பாதியில், சிறப்பாக 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, கிழக்குப் பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்குப் பேர்லினுக்குள் நுழைந்தவர்கள் பலர். சரியாக அந்த ஆண்டுகளில்தான் கமராவும் பதிவுக் கருவியும் ஒன்றாகிக் 'கம்கோடர்' ஆனது. 1984 சனவரியில் லூட்விக்ஸ்ஹாபனில் நாட்டின் முதல் திறந்த அலைவரிசை தொடங்கியது. எடுத்ததை எவரும் கொண்டுபோய் ஒளிபரப்பலாம் என்ற புதுமை அது. அடுத்த ஆண்டு பேர்லினிலும் ஒன்று வந்தது.

அகதி விண்ணப்பம் போட்டவருக்கோ 1982-இன் சட்டப்படி தன் மாவட்ட எல்லையைத் தாண்டவே அனுமதி வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் மச்சாளுக்குக் கலியாணம் என்றாலும் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். போக முடியாத கலியாணங்களுக்குப் பதிலாக வந்ததுதான் வீடியோ கசற். மூன்று மணி நேர வி.எச்.எஸ். கசற், முகப்பில் பூ வேலைப்பாட்டுடன் மணமக்கள் பெயர், பின்னணியில் சினிமாப் பாட்டு. யேர்மனியின் தொலைக்காட்சி முறை 'பால்', இலங்கையுடையதும் அதுவே. ஆகவே இங்கே எடுத்த கசற் கொழும்பு லொட்ஜில் காத்திருந்த தாய்க்கு ஓடும். கனடாவிலிருந்து வந்ததோ என்.ரீ.எஸ்.சி. முறை, சாதாரண யேர்மன் டெக்கில் உருளும் கோடுகளாகத்தான் தெரியும். பிரான்சின் செகாம் முறைக் கசற்றில் கூறைச்சேலை கறுப்பு வெள்ளையாகிவிடும். எல்லா முறையும் ஓடும் டெக் வைத்திருந்த வீட்டில் சனி இரவுகளில் சனம் நிறைந்திருக்கும்.

அங்கேயும் விமர்சனம் நடந்தது. நாம் அதை விமர்சனம் என்று எண்ணவில்லை, அவ்வளவுதான். "பெரியப்பாவை ஏன் காட்டேல்லை?" "தாலி கட்டேக்க ஐயருடைய கைதான் தெரியுது." "அறுகரிசி போட்ட ஆக்கள் எல்லாரும் வரேல்லை." கமராக்காரர் இவற்றை மனதில் எழுதிக்கொண்டு அடுத்த கலியாணத்தில் எல்லாரையும் எடுத்தார். மூன்று மணி நேரம் நான்கானது. யாரையும் விட்டுவிடாதே என்பதே நம் அளவுகோல். போர் நடக்கும் ஊரில் இருக்கும் ஒருத்திக்கு, சிதறிய குடும்பத்தின் ஒவ்வொரு முகமும் உயிரோடு இருப்பதற்கான அத்தாட்சி. அதை வெட்டு என்று எந்தக் கழகம் சொல்லும்?

சொன்னது. நான் ரூர்ப் பிரதேசத்தில் ஒரு சிறு கழகத்துக்குச் சில குளிர்காலங்கள் போய்வந்தேன். பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள். என்னைத் 'தம்பி' என்று அழைக்கும் ஊர் அது அல்ல என்பதால் எல்லாரும் 'ஹெர்' போட்டே பேசினார்கள். ஹம் காமாட்சி அம்பாள் தேரை எடுத்துத் தொகுத்து அங்கே காட்டினேன். அந்தக் கழகத்தில் ஒரு விதி இருந்தது: எல்லாரும் பேசி முடிக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. ஒருவர், "காவடி அழகு, ஆனால் ஏழு காவடி ஏன்?" என்றார். இன்னொருவர் கால்வாயில் நடந்த தீர்த்தத்தைக் காட்டி, "இதில் நிற்கும் முதியவள் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறாள். நீ அவளிடமிருந்து இரண்டு விநாடியில் விலகிவிட்டாய். என் கேள்வி முழுவதும் அவளைப் பற்றித்தான்" என்றார். டாட்டல்ன்–ஹம் கால்வாய் நிலக்கரிக் கப்பல்கள் போன நீர்வழி. அதைக் கீரிமலையாக்கிக் கும்பிட்ட கிழவியை எனக்குக் காட்டியவர் அம்மன் பெயரே தெரியாத ஒரு முன்னாள் மின்வினைஞர்.

அதே படத்தை ஹம்மில் என் சித்தி வீட்டில் போட்டேன். அந்த முதியவளைச் சித்திக்குத் தெரியும். எந்த ஊர், எந்த மகன் எந்த ஆண்டில் போனான் என்று சொன்னா. கழகம் அவளைப் பார்க்கச் சொன்னது, சித்தி அவள் யார் என்று சொன்னா. இரண்டும் சேர்ந்தபோதுதான் அது படமானது.

எழுத்தில் நமக்கு இந்தப் பழக்கம் இருந்தது. 1988-இல் ஹேர்ண நகரில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பில் கதையையும் கவிதையையும் எழுதியவர் முன்னாலேயே கிழித்துப் பேசினார்கள். ஐரோப்பாவெங்கும் சுற்றிய அந்தச் சந்திப்பு 2013-இல் யாழ்ப்பாணத்திலும் நடந்தது. சண்டைகளும் நடந்தன, எழுத்தும் வளர்ந்தது. வீடியோவுக்கு அப்படியொரு மேசை நமக்கு அமையவில்லை.

அதன் விலை 2009-க்குப் பிறகு புரிந்தது. கைகள் கட்டப்பட்டு, உடைகள் களையப்பட்டவர்கள் சுடப்படும் காட்சியை அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பியது. கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட காட்சி அது. போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார். தடயவியல் மருத்துவம், துப்பாக்கி, வீடியோ என்று மூன்று துறையினரும் சட்டகம் சட்டகமாகப் பார்த்தார்கள். உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 சனவரியில் அல்ஸ்டன் அறிவித்தார். விளக்க முடியாத சில அம்சங்கள் இருப்பதையும் மறைக்கவில்லை. ஒரு கைத்தொலைபேசித் துண்டுக்கு இப்படியான கேள்விகள் காத்திருக்கின்றன: மூலக்கோப்பு எங்கே, திகதி என்ன, இடையில் வெட்டு உண்டா, எடுத்தவர் எங்கே நின்றார்? அந்த இடத்தில் அழகுக்காக வெட்டுவது சான்றை அழிப்பதாகிவிடும். அங்கே நம் அம்மாக்களின் அளவுகோல்தான் சரி: ஒன்றையும் விடாதே.

இன்று யேர்மன் கழகங்கள் நரைத்துவிட்டன. இளையவர்கள் வருவதில்லை. நம் இரண்டாம் தலைமுறை கைத்தொலைபேசியில் நன்றாகவே எடுக்கிறது, நுட்பமாகவே தொகுக்கிறது. கிடைப்பது ஒரு சிவப்பு இதயம், அல்லது மௌனம். முகத்தைப் பார்த்து, "இந்தப் பாட்டை எடுத்துவிட்டால் உன் அப்பம்மாவின் குரல் கேட்கும்" என்று சொல்ல ஆள் இல்லை. இன்னொரு பக்கம், நிலவறைப் பெட்டிகளில் இருக்கும் கசற்றுகளின் காந்தப்பூச்சு ஆண்டுதோறும் நலிந்துவருகிறது. அவற்றை ஓட்டும் டெக்குகளும் அரிதாகிவிட்டன.

இரண்டையும் ஒரே மேசையில் வைக்கலாம். கோயில் மண்டபமோ தமிழ்ப் பாடசாலை வகுப்பறையோ போதும். மாதம் ஒரு மாலை. ஒரு பழைய கசற்றை மாற்றி எடுத்துப் பத்து நிமிடம் போடுங்கள், முகங்களுக்குப் பெயர் சொல்ல மூத்தவர்கள் இருக்கட்டும், ஒருவர் எழுதட்டும். பிறகு ஒரு இளையவர் தான் எடுத்த மூன்று நிமிடத்தைக் காட்டட்டும். எல்லாரும் பேசி முடிக்கும்வரை அவர் வாய் திறக்கக் கூடாது. கடைசியில் மூலக்கோப்பை வெட்டாமல் ஒரு இடத்திலும், தொகுத்ததை இன்னொரு இடத்திலும், திகதியும் ஊரும் எழுதி வைக்கட்டும்.

பதிவுபெற்ற சங்கமாக்க ஏழு பேர் வேண்டும். தொடங்க மூன்று பேர் போதும்: எடுத்தவர், அவரைத் தெரியாத ஒருவர், பெரியப்பாவைத் தேடும் ஒருவர்.