வேர் முடிச்சில் இடம் பிடிப்பது யார்? ரைசோபியத்தின் ‘சர்க்கரை ஆல்கஹால்’ ஸ்விட்ச் - எளிய விளக்கம்

உளுந்து, நிலக்கடலை விதைக்கும் முன் ஆறிய கஞ்சியில் ரைசோபியம் கலந்து விதைநேர்த்தி செய்யச் சொல்வார்கள். காற்றில் 78 சதவீதம் இருக்கும் நைட்ரஜனை, செடிக்குத் தழைச்சத்தாக மாற்றித் தருவது இந்த பாக்டீரியாதான்.

ஆனா, விதையோடு போட்ட பாக்டீரியாதான் வேர் முடிச்சுக்குள் போகும் என்று உறுதி கிடையாது. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் வேறு ரைசோபியங்கள் முந்திக்கொள்வதும் உண்டு. அந்தப் போட்டியைத் தீர்மானிக்கும் விஷயங்களில் ஒன்று, சர்க்கரை ஆல்கஹால்.

சர்க்கரை ஆல்கஹால் என்றால் என்ன?

பேரைக் கேட்டு சாராயம் என்று நினைக்க வேண்டாம். இதில் போதை கிடையாது. சர்க்கரையைப் போன்ற ஒரு வகை மூலக்கூறு, அவ்வளவுதான். சர்க்கரை சேர்க்காத சூயிங் கம்மில் இனிப்புக்காகப் போடும் சார்பிட்டால், எரித்ரிட்டால் எல்லாம் இந்த வகைதான். இனோசிட்டாலும் இதே குடும்பம். செடிகளில் இவை இயற்கையாகவே உண்டு.

ஸ்விட்ச் எப்படி வேலை செய்கிறது?

இனோசிட்டாலைச் சிதைக்கத் தனித்தனி என்சைம்கள் வேண்டும். சாப்பாடே இல்லாதபோது அவற்றைத் தயாரிப்பது பாக்டீரியாவுக்கு வெட்டிச் செலவு. அதனால் ‘ஐயோல்-ஆர்’ என்ற புரதம் டிஎன்ஏ மீது உட்கார்ந்து அந்த ஜீன்களைப் பூட்டி வைக்கிறது. இனோசிட்டால் உள்ளே வந்து சிதையத் தொடங்கியதும் அந்தப் பிடி தளரும். ஜீன்கள் முழுவீச்சில் இயங்கும்.

இன்னொரு கட்டுப்பாடும் இருக்கு. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா குளுக்கோஸைத்தான் முதலில் சாப்பிடும். ரைசோபியம் நேர் எதிர். சக்சினேட் போன்ற கரிம அமிலம் கிடைத்தால் பல சர்க்கரைகளை ஓரம்கட்டிவிடும். முடிச்சுக்குள் செடி ஊட்டுவதும் பெரும்பாலும் இத்தகைய அமிலங்களைத்தான்.

இந்த ஜீன் கெட்டால் என்ன ஆகும்?

2006இல் பட்டாணியில் நடந்த ஆய்வில், எரித்ரிட்டாலைச் செரிக்க முடியாத ரைசோபியம் முடிச்சுப் போட்டியில் பின்தங்கியது. 2010இல் குதிரை மசால் செடியில் நடந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். இனோசிட்டாலைச் செரிக்க முடியாத சைனோரைசோபியம் மெலிலோட்டியைத் தனியாக விட்டபோது முடிச்சும் போட்டது, நைட்ரஜனும் தந்தது. இயல்பான பாக்டீரியாவோடு சேர்த்து விட்டபோதுதான் தோற்றது.

விவசாயிக்கு இதில் என்ன?

ஆய்வகத் தொட்டியில் தனியாக நன்றாக வேலை செய்யும் உயிர் உரம், வயலில் கைவிடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் ரைசோபியத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது எவ்வளவு நைட்ரஜன் தரும் என்று மட்டும் பார்த்தால் போதாது. வேர்ப் பகுதியில் கிடைக்கும் சாப்பாட்டைச் செரித்து, மற்றவற்றோடு போட்டி போட்டு ஜெயிக்குமா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.