திருமுன் நிற்கும் நெறியும் கைப்பேசியும்

சென்னையினின்றும் தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் விக்கிரவாண்டியைக் கடப்போர் எண்ணிலர். ஆயினும், அவ்வூர்க்கு அணித்தே பனையபுரம் என இன்று வழங்கும் திருப்புறவார் பனங்காட்டூரை நினைந்து இறங்குவோர் சிலரே. நடுநாட்டுத் தேவாரப் பதிகள் 22-னுள் ஒன்றாகிய இத்தலம் ஆளுடைய பிள்ளையார் திருப்பதிகம் பெற்றது. இறைவர் பனங்காட்டீசர், இறைவியார் புறவம்மை. தக்கன் வேள்வியிற் கலந்த பிழையாற் கண்ணொளி இழந்த ஞாயிறு இங்குப் போந்து வழிபட்டு இழந்ததை மீளப் பெற்றான் என்பது தலவரலாறு. அதுபற்றி இறைவர்க்கு நேத்திரோத்தாரகர் என்னும் வடமொழித் திருப்பெயரும் உண்டு. சித்திரைத் திங்களின் முதல் 7 நாட்களினும் காலைக் கதிர் சுவாமியின் திருமேனியிலும் பின்னர் அம்மையின் திருமேனியிலும் படிதலை அன்பர் இன்றும் சென்று காண்கின்றனர்.

கண் பெற்ற ஞாயிறு அக்கண்ணைக்கொண்டு செய்தது காண்டல் ஒன்றே. இக்காலத்து மக்கட்கோ கையகத்தே இரண்டாவதொரு கண் வாய்த்திருக்கின்றது. அதனைக்கொண்டு அவர் செய்வது காண்டலா, காட்டலா என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

சில திங்கட்கு முன் யாம் ஒரு திருக்கோயிலில் மாலைப் பூசைக்கு நின்றிருந்தோம். நிவேதனம் முடிந்து திரை நீங்கிற்று, மணி ஒலித்தது, அடுக்குத் தீபம் எழுந்தது. எமக்கு முன் நின்ற இளைஞர் இரு கைகளாலும் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தமையின் கைகுவிக்க அவர்க்குக் கையில்லை. யாம் கண்டதும் தீபத்தையன்று, அவர்தம் பொறியிற் றோன்றிய தீபத்தின் சிற்றுருவையே. திருநீற்றுத் தட்டுடன் குருக்கள் வந்தபொழுது அவ்விளைஞர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். குருக்கள் சற்று நின்று பார்த்து அப்பாற் சென்றார். அவ்விளைஞரைத் தீயவர் என்று சொல்ல எமக்கு மனமில்லை. தாம் கண்டதை அயலூரிலிருந்த அன்னையார்க்கு அனுப்பினாரோ, முகநூலில் இட்டாரோ, யாம் அறியோம்.

திருமுன் நிற்கும் நெறி இன்று நேற்று வகுக்கப்பட்டதன்று. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) தம் சைவ வினாவிடையில் ஆலயத்துட் செய்யலாகாதனவற்றை நிரல்படக் கூறியுள்ளார். வெற்றிலை பாக்கு உண்டல், உறங்குதல், காலை நீட்டியிருத்தல், மயிர்கோதி முடித்தல், வீண்பேச்சு, சிரிப்பு, சண்டை, சுவாமிக்கும் பலிபீடத்துக்கும் குறுக்கே போதல் முதலியன அவற்றுட் சில. இவை வெறும் தூய்மை பற்றியன என்று கொள்வார் உளர். எமக்கு அங்ஙனம் தோன்றவில்லை. மயிர்கோதுதலில் அழுக்கைக் காட்டிலும் தன்னை அழகுபார்க்கும் எண்ணமே மிகுதி. வீண்பேச்சில் அழுக்கு யாதும் இல்லை. மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றும் ஒருமுகப்படும் இடத்தில் அவற்றுள் ஒன்றைப் பிரித்து வேறுமுகப்படுத்தும் செயல்களே அந்நிரலிற் பெரும்பான்மை. ஆடவர்க்கு விதித்த அட்டாங்க வணக்கத்தில் தலை, கை இரண்டு, செவி இரண்டு, மோவாய், புயம் இரண்டு ஆகிய எட்டும் நிலத்திற் பொருந்தல் வேண்டும். கைப்பேசி ஏந்திய கை அந்த எட்டனுள் ஒன்றாதல் எங்ஙனம்?

ஆலயத்திலே திரை என்பதொன்று உண்டு. அலங்காரத்தினும் நிவேதனத்தினும் அது மறைக்கும், தீபாராதனையில் விலகும். மறைத்தலைத் திரோதானத்துக்கும் விலகுதலை அருட்கும் ஒப்பிட்டுப் பெரியோர் பொருள் உரைப்பர். கைப்பேசியின் முகத்திற்கும் தமிழர் திரை என்றே பெயரிட்டனர். குருக்கள் ஒரு திரையை விலக்கும் அக்கணத்திலேயே நாம் மற்றொரு திரையை இட்டுக்கொள்கின்றோம்.

அற்றேல், முன்னோர் மட்டும் தம் பெயரைக் கோயிலில் விளம்பரம் செய்திலரோ எனின், செய்தனர். பனையபுரத்துச் சுவர்களிலும் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள. தமிழ்நாட்டுக் கற்றளிகளின் அடிப்பட்டைகள் எல்லாம் ஆடு தந்தார், நிலம் தந்தார், நுந்தாவிளக்கு எரித்தார் பெயர்களே. ஆயின், அவ்வெழுத்து வெட்டப்பட்டது ஈந்தபின், சுவரின் புறத்தே. ஈந்த பொருளை நாளை ஒருவர் கவர்ந்துகொள்ளாவாறு காக்கும் ஆவணமும் அதுவே. வழிபாடு நிகழும் வேளையிலே வழிபடுகின்றவன் தன்னையே பொறித்துக்கொள்ளும் தற்படத்திற்கு அதனை நிகராக்குதல் பொருந்தாது.

கட்டியதைக் காட்டாமலே கட்டினார் ஒருவர் வரலாறும் நம்மிடை உண்டு. திருநின்றவூர்ப் பூசலார் பொருள் கிடைக்கப்பெறாமல் நெஞ்சத்தினுள்ளே நாட்கணக்காகக் கல்லும் மரமும் சேர்த்துக் கோயில் எடுத்தார். அவர் குடமுழுக்கிற்குக் குறித்த நாளிலேயே காஞ்சியிற் காடவர்கோன் தன் கற்றளிக்கும் நாட்குறித்தான். அக்கற்றளி இராசசிம்ம பல்லவன் எடுத்த கயிலாயநாதர் கோயிலே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். இறைவர் கனவிற் றோன்றி அவனை வேறு நாட் கொள்ளுமாறு பணித்தார். மன்னன் திருநின்றவூர் வந்து பூசலார் எடுத்த கோயில் எங்கே என வினவ, அவ்வூரார் ஒருவரும் அறிந்திலர். கண்டார் ஒருவரும் இல்லாத கோயிலுக்கே இறைவர் முதலிற் சென்றருளினார்.

இதன் காரணத்தைச் சித்தாந்தம் வேறிடத்தே விளக்குகின்றது. விக்கிரவாண்டிப் பகுதி அடங்கிய இவ்விழுப்புர மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் எழுந்தருளியிருந்த மெய்கண்ட தேவ நாயனார் வழிவந்த நூல்கள், உயிர் தனித்து நில்லாது சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது எனத் தெளிவிக்கும். திருமுன் நிற்கும் நாழிகை அவ்வுயிர் சிவத்தைச் சார்தற்கென்றே அமைந்தது. அந்நாழிகையில் எத்துணைபேர் கண்டார், எத்துணை விருப்பக்குறி வந்தது என்னும் நினைவு உள்ளத்திற் புகுந்தால், உடல் சிவன் திருமுன்னும் உயிர் பார்ப்போர் திருமுன்னும் நிற்கும். படம் எடுத்தலால் இறைவர்க்குக் குறையொன்றும் இல்லை. குறை எய்துவது எடுப்பவனே. அடியார் கூட்டத்தைச் சாரச் சொன்னாரே, சமூக ஊடகமும் ஒரு கூட்டமன்றோ என ஓர் அன்பர் எம்மை வினவினார். கூட்டமே. ஆயின் அருகில் நிற்கும் அடியார்க்கு முதுகு காட்டிச் சேரும் கூட்டம் அது.

இனி, அரசும் நீதிமன்றமும் இதிற் புகுந்த வரலாறு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 பிப்ரவரி 2-ஆம் நாள் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ நேர்ந்ததன் பின்னர், மார்ச்சு முதல் பக்தர்கள் கைப்பேசி கொண்டுசெல்லுதல் தடுக்கப்பட்டது. அங்கே காரணம் பாதுகாப்பு. திருச்செந்தூரில் எழுந்த வழக்கோ வேறு. பூசையையும் திருமேனிகளையும் படம்பிடித்துப் பரப்புவதால் வழிபாடு குலைகின்றது என்பதே அங்கு முறையீடு. 2022 திசம்பர் 2-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் ஆர். மகாதேவன், சத்திய நாராயண பிரசாத் இருவரும் தமிழ்நாட்டுக் கோயில்கள் அனைத்தினும் கைப்பேசியைத் தடுக்குமாறு இந்து சமய அறநிலையத்துறைக்கு ஆணையிட்டனர். கைப்பேசிகளை வாங்கி வைத்துத் திருப்பித்தரும் இடங்கள் அமைக்கவும் அவ்வாணை கூறிற்று.

அத்தீர்ப்புச் சுட்டிய சட்டங்களுள் 1947-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டமும் ஒன்று. கோயிலில் ஒழுங்கும் மாண்பும் காக்க விதி வகுக்கும் உரிமை அச்சட்டத்தால் அறங்காவலர்க்கு உண்டு. இஃது யாம் நின்று நோக்கிய இடம். 1939 சூலை 8-ஆம் நாள் மதுரையில் அ. வைத்தியநாதையர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட அன்பர்கள் உள்ளே புக்க வரலாற்றின் தொடர்ச்சியே அச்சட்டம். கதவைத் திறப்பதற்கு இயற்றிய சட்டமே உள்ளே நிற்கும் முறையையும் காக்கின்றது. மாண்பு என்ற சொல்லைக் காட்டி மனிதரையே வெளியே நிறுத்திய காலம் நம்முடையது. அக்காலம் முற்றும் போயிற்று என்று சொல்லவும் நா எழவில்லை. இம்மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதியம்மன் கோயில் இவ்வழக்காறு பற்றிய பூசலால் 2023 சூனில் முத்திரையிடப்பட்டுக் கிடந்து, 2024 மார்ச்சிலேதான் நீதிமன்ற ஆணையாற் பூசைக்குத் திறந்தது. ஆகலின் விதி வகுப்போர் கையிலுள்ள பொருளைத் தடுக்கும் விதியையும் கைக்குரியாரைத் தடுக்கும் விதியையும் ஒன்றென மயங்கலாகாது. ஒப்புவிக்கும் இடம் இல்லாத ஊரில், முதியோர் ஒருவரைக் கைப்பேசிக்காக வாயிலினின்றே திருப்பி அனுப்புவதும் குற்றமே.

பொறியை முற்றும் பழித்தலும் நடுநிலை ஆகாது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றாற் கோயில்கள் மக்கட்கு அடைக்கப்பட்டன. மே 4-ஆம் நாள் மீனாட்சியம்மன் திருக்கல்யாணம் மக்கள் இல்லாமலே நிகழ, அதனை இல்லந்தோறும் இணையத்தில் நேரலையாகக் கண்டனர். அன்று அத்திரையின் முன் திருமாங்கல்யக் கயிறு மாற்றிக்கொண்ட மகளிரை நகைப்பார் சைவரல்லர். அன்று பொறியை இயக்கியது கோயில். கண்டவர் கைகள் குவிந்திருந்தன. கைகள் குவிந்திருந்தமையே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

பெருங்கோயில்களிற் காவலரும் பேழைகளும் அமைந்தன. சிற்றூர்க் கோயில்களிலோ காவலரும் இல்லை, பேழையும் இல்லை. குருக்கள் ஒருவரும் மெய்காப்பாளர் ஒருவருமே உளர். அங்கே விதி நடப்பது வருவார் உள்ளத்திலேயே. சித்திரையிற் பனங்காட்டூர்க்குச் செல்ல எண்ணும் அன்பர்கள் கைப்பேசியை அணைத்து மடியிலோ பையிலோ வைத்துக்கொள்க. ஞாயிற்றொளி திருமேனியினின்றும் நீங்கி, திருநீறும் பெற்று, கொடிமரத்தின் முன் வீழ்ந்து வணங்கி வெளியே வந்தபின், வாயிலில் நின்று படம் எடுப்பார் எடுக்க. அயலூரிலுள்ள அன்னையார்க்கு அனுப்புவார் அனுப்புக.