அரபு எழுத்தில் வாழ்ந்த தமிழ்

மனிதர்களின் மொழிகள் வேறுபட்டிருப்பதை, வானங்கள், பூமி ஆகியவற்றின் படைப்போடு சேர்த்துத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் எடுத்துக் கூறுகிறான் (அர்ரூம் 30:22). யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அரை மாதத்திற்குள் அவர் அதில் தேர்ச்சி பெற்று, நபியவர்களுக்காகக் கடிதங்களை எழுதவும் வாசித்துக் காட்டவும் செய்தார் என்பது திர்மிதீயில் பதிவான செய்தியாகும். பிறமொழி கற்றால் ஈமானுக்கு ஊறு நேரும் என்னும் அச்சம் அந்தத் தலைமுறையிடம் இருக்கவில்லை.

நம் முன்னோரிடமும் அது இல்லை. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் வாழ்ந்த முஸ்லிம்கள் வீட்டில் தமிழ் பேசினர். தொழுகையில் அரபு ஓதினர். இவ்விரண்டும் கூடிய இடத்தில் பிறந்ததே அர்வீ எனப்படும் அரபுத்தமிழ். மொழி தமிழ்; எழுத்து அரபு. ஸீன், ஸாத், ஸே ஆகிய மூன்றையும் தமிழில் எழுதினால் வேறுபாடு மறைந்துவிடும். அரபு எழுத்திலோ மார்க்கச் சொற்கள் உருமாறாமல் நின்றன.

ஆனால் தமிழுக்கு உரிய ஒலிகள் பல அரபியில் இல்லையே! அதற்கும் வழி கண்டார்கள். ‘ஃபா’வின் கீழே ஒரு புள்ளி இட்டுப் பகரத்தை உண்டாக்கினார்கள். டகரம், ணகரம், ளகரம், ழகரம் முதலியவற்றுக்கும் இவ்வாறே புள்ளி கூட்டி எழுத்துகளை அமைத்தார்கள். அரபியில் இல்லாத எகர ஒகரங்களுக்குத் தனிக் குறிகளும் வகுத்தார்கள். இரு மொழிகளின் ஒலிகளையும் நுட்பமாக அறிந்தவர்களால் மட்டுமே இது இயலும்.

இதனால் பெரும் பயன் அடைந்தோர் பெண்களே என்பது என் கருத்து. பள்ளிக்கூடம் காணாத பெண்ணும் குர்ஆன் ஓதப் பழகியிருந்தாள். அந்த எழுத்தறிவே அவளுக்குத் தாய்மொழி நூல்களைத் திறந்துவிட்டது. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற நூல்கள் இவ்வெழுத்திலேயே மார்க்கச் சட்டங்களை விளக்கின.

பின்னர் பள்ளிக் கல்வி பரவியது. தமிழ் எழுத்தில் அச்சான மார்க்க நூல்கள் பெருகின. அர்வீயின் தேவை குறைந்தது. இதில் குறை கூற ஒன்றுமில்லை. ஆயினும் தமிழ் பேசுவோரை மார்க்கத்தில் ஒரு படி குறைந்தவராக எண்ணும் போக்கு நம்மிடையே சில இடங்களில் இன்றும் உண்டு. அந்தப் போக்குக்கு நம் வரலாற்றில் ஆதாரமில்லை. நமாஸ், ரோஜா என்னாமல் தொழுகை, நோன்பு என்று வழங்கியவர்களே நம் ஆலிம்களுக்கும் முன்னோர்.

வருத்தத்திற்குரியது வேறொன்று. பாட்டியின் பெட்டியில் கிடக்கும் பழைய ஏட்டைப் பேரப்பிள்ளைகள் அரபு நூல் என்றே எண்ணிவிடுகிறார்கள். சிதைந்த குர்ஆன் பிரதிகளோடு அதையும் அடக்கம் செய்துவிடும் வீடுகளும் உள்ளன. அடுத்த முறை அத்தகைய ஏடு கையில் கிடைத்தால், குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கூட்டப்பட்ட எழுத்துகளில் சற்றே தடுமாறுவான். இரண்டு வரி கடந்ததும், தான் வாசிப்பது தமிழ் என்பது அவனுக்கே விளங்கிவிடும்.