உணவின் சுவடும் உண்டவரின் உரிமையும்

மனிதன் உண்ணும் உணவு உடலினுள் எவ்வாறு மாற்றமடைகின்றது என்னும் வினா மிகப் பழையது. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆய்வாளர் பெரும்பாலும் உட்கொண்டதையும் கழிவாக வெளியேறியதையும் அளந்து ஒப்பிட்டனரேயன்றி, இடையில் நிகழ்வதைப் பின்தொடர அவர்களிடம் தக்க வழி இருக்கவில்லை. உடலை ஓர் இயந்திரமாகவும் உணவை அதன் எரிபொருளாகவும் கருதும் எண்ணம் வேரூன்ற இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஹங்கேரியரான ஜோர்ஜ் டி ஹெவெசி. 1911 இல் மஞ்செஸ்டரில், ‘ரேடியம் டி’ எனப்பட்ட பொருளை ஈயத்திலிருந்து பிரிக்கும் பணியை ரதபோர்ட் இவரிடம் ஒப்படைத்தார். முயற்சி பலிக்கவில்லை, அப்பொருள் ஈயத்தின் சமதானியே என்பது பின்னர் தெளிவாயிற்று. பிரிக்க இயலாத அதனையே ஈயத்தின் போக்கைக் காட்டும் அடையாளமாகக் கொள்ளலாம் என்பதே ஹெவெசி கண்ட உண்மை. 1913 இல் வியன்னாவில் பனெத்துடன் இணைந்து இம்முறையைக் கையாண்ட அவர், 1923 இல் அவரையினச் செடிகள் ஈயத்தை உறிஞ்சுவதை ஆராய்ந்தார். 1935 இல் கோப்பன்ஹேகனில் கதிர்த்தொழிற்பாடுடைய பொசுபரசு எலிகளுக்கு ஊட்டப்பட்டது. உணவிற் சென்ற அணுக்கள் எலும்பிற் புகுவதும், முன்னிருந்தவை வெளியேறுவதும் புலனாயின. மாறாதது எனக் கருதப்பட்ட எலும்பும் இடையறாது புதுப்பிக்கப்படுகின்றது என்பது இதனால் நிறுவப்பட்டது.

1940 இல் பேர்க்கிலியில் கேமனும் றூபனும் காபன்-14 ஐக் கண்டறிந்தனர். மாப்பொருள், கொழுப்பு, புரதம் ஆகிய மூன்றும் காபன் சேர்வைகளாதலின், அவற்றின் அனுசேபப் பாதைகளைப் படிப்படியாக அறிய இது வழிவகுத்தது. 1976 இல் புளோரின்-18 இணைத்த, குளுக்கோசை ஒத்த சேர்வை முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. சுமார் 110 நிமிட அரைவாழ்வுக்காலமுடைய அதன் கதிர்வீச்சைக் கொண்டு, மூளை குளுக்கோசைப் பயன்படுத்தும் அளவு படமாகப் பெறப்பட்டது.

இவ்வளர்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. 1946 முதல் 1953 வரை ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெற்சிலுள்ள பெர்னால்ட் பாடசாலையில், மனவளர்ச்சி குன்றியோர் எனப் பதியப்பட்ட சிறுவர்களுக்குக் கதிர்த்தொழிற்பாடுடைய இரும்பும் கல்சியமும் காலையுணவிற் கலந்து கொடுக்கப்பட்டன. தானியத்திலுள்ள பைற்றேற்று இச்சத்துக்களின் உறிஞ்சலைத் தடுக்கின்றதா என அறிவதே நோக்கம். ‘அறிவியற் கழகம்’ என்ற பெயரிற் சிறுவர் சேர்க்கப்பட்டனர். பெற்றோருக்கு அனுப்பப்பட்ட கடிதத்திற் கதிர்த்தொழிற்பாடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1993 இறுதியில் இச்செய்தி பரவலாக வெளிவந்தது. 1994 இல் அமைக்கப்பட்ட ஆலோசனைக் குழு, கதிரின் அளவு மிகச் சிறிது, தீங்கு விளைந்திருத்தல் அரிது எனக் கருதிய போதிலும், சிறுவர்கள் நடத்தப்பட்ட முறையைக் குறைகூறியது. 1995 இல் அரசாங்கம் நிகழ்த்திய கதிர்ப் பரிசோதனைகளுக்காக ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கோரினார்.

இங்கு தவறு கதிரின் அளவில் இல்லை. சம்மதம் பெறாமையிலேயே உள்ளது. அடையாளமிட்ட அணுவை ஏனைய அணுக்களிலிருந்து உடல் வேறுபடுத்தி அறியாமை இம்முறையின் பலமாகும். உண்பவரும் அதனை அறியாதிருத்தல் வேண்டும் என எந்த விஞ்ஞான விதியும் கூறவில்லை. அச்சிறுவர்கள் தாம் உண்பது இன்னதென அறியும் உரிமையை இழந்தமையையும் சேர்த்தே இத்துறையின் வரலாறு எழுதப்படல் வேண்டும்.