மறு ஒளிபரப்பின் செல்வம்: கார்ல் ரெய்னரும் அமெரிக்க நகைச்சுவை எழுத்தும்

கார்ல் ரெய்னர் 1922இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கடிகாரத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, இளமையில் தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் இடத்தில் உதவியாளராக வேலை செய்து, இரண்டாம் உலகப்போரின்போது படைவீரர்களுக்கான கலைக்குழுவில் நடித்து, பின்னர் தொலைக்காட்சிக்கு வந்தவர். நடிகர், எழுத்தாளர், திரைப்பட இயக்குநர் என்று எழுபது ஆண்டுகள் இயங்கிய அவருடைய வாழ்வைத் தொடர்ந்து நோக்கினால், நகைச்சுவை எழுதியவர்கள் வாரக்கூலி பெறும் நிலையிலிருந்து உடைமைப்பங்கு பெறும் நிலைக்கு எவ்வாறு உயர்ந்தனர் என்பதும், அந்த உயர்வு எத்தகைய ஒப்பந்தங்களின்மேல் நின்றது என்பதும் விளங்கும்.

என்பிசி நிறுவனம் 1950இல் தொடங்கிய 'யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்', சனிக்கிழமை இரவுதோறும் தொண்ணூறு நிமிடம் நியூயார்க்கிலிருந்து நேரலையாக ஒளிபரப்பான நிகழ்ச்சியாகும். சிட் சீசர் அதன் நாயகர். மெல் டோல்கின், லூசில் கேலன், மெல் புரூக்ஸ், நீல் சைமன் ஆகியோர் அதற்கு எழுதினர். நடிகராகவே அமர்த்தப்பட்ட ரெய்னர், எழுத்தறையிலும் தாமாகச் சென்று அமர்ந்து தொழிலைக் கற்றார். அமெரிக்க நகைச்சுவையின் மிகச் சிறந்த பள்ளி அந்த அறைதான் என்று சொல்வது மிகையாகாது. ஆயினும் அங்கு உருவானவை ஒளிபரப்பு முடிந்ததும் பொருளாதார மதிப்பை இழந்தன. எஞ்சியவை 'கினஸ்கோப்' எனப்பட்ட படச்சுருள்கள் மட்டுமே. தொலைக்காட்சித் திரையையே படக்கருவியால் பிடித்து எடுத்த அப்படிகள் மங்கலாக இருந்தமையால் அவற்றை மீண்டும் விற்று வருவாய் ஈட்டுவது அரிதாயிற்று.

நிலைமையை மாற்றியது லாஸ் ஏஞ்சலிஸில் 1951 அக்டோபரில் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடர். நாடு முழுவதும் தெளிவான படம் கிடைக்க நியூயார்க்கிலிருந்தே நேரலையாக நடத்த வேண்டும் என்று விளம்பரதாரர் கருத, கலிஃபோர்னியாவை விட்டு நகர விரும்பாத அதன் நாயகி லூசில் பாலும் அவருடைய கணவர் டெசி ஆர்னாஸும் பார்வையாளர் முன்னிலையிலேயே மூன்று படக்கருவிகளைக் கொண்டு திரைப்படச் சுருளில் பதிவு செய்யும் முறையை முன்வைத்தனர். 'மெட்ரோபோலிஸ்' படத்தின் ஒளிப்பதிவாளர்களுள் ஒருவரான கார்ல் ஃபிராயிண்ட் அதற்குரிய ஒளியமைப்பை வகுத்தார். கூடுதல் செலவை ஈடுகட்டத் தங்கள் ஊதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த அத்தம்பதியர், அதற்கு மாற்றாகப் படச்சுருள்களின் உரிமையைக் கேட்டுப் பெற்றனர். முதல் ஒளிபரப்புக்குப் பிறகு அவற்றுக்கு மதிப்பு இருக்கும் என்று தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனம் எண்ணவில்லை. அந்தத் தசாப்தம் முடிவதற்குள் அதே உரிமையை அந்நிறுவனம் பல மில்லியன் டாலர் கொடுத்து வாங்க நேர்ந்தது. அத்தம்பதியரின் டெசிலு நிறுவனமோ ஆர்கேஓ படப்பிடிப்பு நிலையங்களையே விலைக்கு வாங்கும் அளவுக்கு வளர்ந்தது.

சீசரின் நிகழ்ச்சிகள் முடிவுற்ற பின் ரெய்னர் எழுதத் தொடங்கிய தொடர் இப்புதிய முறையின் பயனை முழுமையாகப் பெற்றது. புறநகரில் குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டு நகரத்தில் தொலைக்காட்சி நகைச்சுவை எழுதும் ஒருவனைப் பற்றி, தம் சொந்த வாழ்விலிருந்தே எடுத்து, படப்பிடிப்புக்கு முன்பே பதின்மூன்று அத்தியாயங்களை அவர் தனியாக எழுதி முடித்தார். அவரே நாயகராக நடித்த மாதிரி அத்தியாயத்தை, அதாவது விளம்பரதாரருக்குக் காட்டுவதற்காக எடுக்கும் வெள்ளோட்டப் படத்தை, எவரும் வாங்கவில்லை. எழுத்தில் குறையில்லை, நடிகரை மாற்றினால் போதும் என்று கண்ட தயாரிப்பாளர் ஷெல்டன் லியோனர்ட், டிக் வேன் டைக்கை நாயகராக்க, 1961இல் 'தி டிக் வேன் டைக் ஷோ' தொடங்கியது. தமக்கென்று எழுதிய வேடத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுத்த முடிவு ரெய்னரின் தொழில்வாழ்வில் மிகப் பெரிய திருப்பம். நடிகராக அவர் இழந்ததைவிட எழுத்தாளராகவும் பங்குதாரராகவும் பெற்றது பன்மடங்கு. முதல் பருவத்தின் முடிவில் சிபிஎஸ் தொடரை நிறுத்த முற்பட்டபோது, லியோனர்ட் விளம்பரதாரரான பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தாரை நேரில் கண்டு ஆதரவைத் தக்கவைத்தார். தொடருக்கு உரிமையுடைய நிறுவனத்தின் பெயர் கால்வாடா. கார்ல், லியோனர்ட், வேன் டைக், நடிகரும் தயாரிப்பாளருமான டேனி தாமஸ் ஆகிய நால்வரின் பெயர்த்துண்டுகளால் ஆன பெயர் அது. எழுத்தாளரின் பெயர் அதில் முதலாவதாக நின்றதைக் குறிப்பாக நோக்க வேண்டும், ஏனெனில் அக்காலத்தில் எழுத்தாளருக்கு அத்தகைய இடம் எளிதில் கிடைப்பதில்லை. 158 அத்தியாயங்களோடு 1966இல் தரம் குறையுமுன் தயாரித்தவர்களே தொடரை நிறைவு செய்த பின்னும், அது பல்லாண்டுகள் மறு ஒளிபரப்பில் ஓடியது.

இவ்வருவாய்க்கு அடிப்படை 'சிண்டிகேஷன்' எனப்படும் விற்பனை முறை: முதல் ஒளிபரப்பு முடிந்த தொடரை உள்ளூர் நிலையங்களுக்கு ஊர் ஊராக விற்பது. வாரநாள்தோறும் ஓர் அத்தியாயம் என்று ஓட்டினால் சரக்கு விரைவில் தீர்ந்துவிடும் ஆதலால், ஏறத்தாழ நூறு அத்தியாயங்களாவது சேர்ந்த தொடரையே நிலையங்கள் விரும்பின. உடைமைப்பங்கு இல்லாத எழுத்தாளர்களுக்கு எழுத்தாளர் சங்கமே துணை நின்றது. 1960இல் ஐந்து மாதம் நீடித்த எழுத்தாளர் வேலைநிறுத்தம், அவர்களுக்கு ஓய்வூதிய நிதியையும், திரைப்படங்கள் தொலைக்காட்சிக்கு விற்கப்படும்போது ஒரு பங்கையும் பெற்றுத் தந்தது.

ரெய்னர் பின்னர் திரைப்பட இயக்கத்துக்குச் சென்று, 'ஓ, காட்!' (1977), ஸ்டீவ் மார்ட்டின் நடித்த 'தி ஜெர்க்' (1979) போன்ற வெற்றிப்படங்களைத் தந்தார். ஆனால் திரைப்படத்தில் எழுதுவோருக்குத் தரப்பட்ட 'நிகர லாபப் பங்கு' என்பது பெரும்பாலும் வெற்று வாக்குறுதியாகவே இருந்தது. நகைச்சுவைப் பத்தி எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட், 1988இல் வெளியான 'கமிங் டு அமெரிக்கா' தம் கருவிலிருந்து உருவானது என்று தொடுத்த வழக்கில், உலகெங்கும் 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்த அப்படத்தில் நிகர லாபமே இல்லை என்று பாரமவுண்ட் நிறுவனம் கணக்குக் காட்டியது. அக்கணக்கு முறையின் விதிகள் நியாயமற்றவை என்று 1990இல் நீதிமன்றம் கூறியது.

தொலைக்காட்சியிலோ, 1970இல் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம், ஒளிபரப்பு நிறுவனங்கள் பிறர் தயாரித்த தொடர்களின் மறு ஒளிபரப்பு வருவாயில் பங்கு கேட்பதைத் தடை செய்தது. அத்தடை நீடித்த காலமே தனித் தயாரிப்பாளர்களின் பொற்காலம். அவர்களுள் ஒருவரான நார்மன் லியரின் நிறுவனங்கள் 1985இல் கோகோ கோலாவுக்கு 48.5 கோடி டாலருக்கு விற்கப்பட்டன. ரெய்னரின் மகன் ராப் ரெய்னர் 1987இல் பிறரோடு நிறுவிய காசில் ராக் தயாரித்த 'சைன்ஃபெல்ட்', 180 அத்தியாயங்கள் ஓடி, அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான லாரி டேவிட்டைப் பெருஞ்செல்வந்தராக்கியது. அவர் எழுதி இயக்கிய 'சவர் கிரேப்ஸ்' (1998) திரைப்படம் தோல்வியுற்றபோதும் அச்செல்வம் குன்றவில்லை.

1990களில் அத்தடை நீக்கப்பட்டதும் ஒளிபரப்பு நிறுவனங்கள் தாமே தயாரிப்பாளராயின. அதன் பின் வந்த இணையவழி ஓடைத்தளங்கள் தங்களுக்கென எடுக்கும் தொடர்களை முன்கூட்டியே மொத்தமாக விலை பேசி உலகம் முழுமைக்கும் வைத்துக்கொண்டமையால், இரண்டாம் முறை வாங்குபவரே இல்லாமற்போனார். பத்து அத்தியாயங்களே கொண்ட பருவங்கள் நூறு என்ற எண்ணிக்கையையும் எட்டாதவையாயின. 2023இல் 148 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் முடிவில், ஒரு தளத்தின் உள்நாட்டுச் சந்தாதாரரில் ஐந்தில் ஒரு பகுதியினர் முதல் 90 நாளில் பார்த்த தொடருக்குக் கூடுதல் தொகை தரும் விதியை எழுத்தாளர் சங்கம் பெற்றது. பார்வைக் கணக்கை மறைவாகவே வைத்திருந்த தளங்கள் அதைச் சங்கத்திடம் காட்ட இசைந்தது அந்த உடன்பாட்டின் வழியேதான்.